வீரக் கதையும் வானொலிப் பகிடியும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆதிகோணநாயகர் எழுந்தருளியிருக்கும் இந்தத் தம்பலகாமத்திலே, இளைஞர் சங்கத்தின் ஆண்டு விழாவிலே பேச வருகின்றவர் சமயத்தைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ கல்வியைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். இன்றைக்கு நான் பகிடியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சுற்றி வளைத்தாவது பேச்சு முடிவதற்குள் மகாபாரதத்துக்கு வந்து சேர்ந்துவிடுவேன் என்று வாக்களிக்கின்றேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் இது: சிறுவர்களுக்காக ஆங்கில நாட்டில் வெளிவந்த வீரசாகசச் சஞ்சிகைகளும், அவற்றை ஏளனம் செய்து சிரித்த வானொலி நாடகங்களும். தம்பலகாமத்து வயல்வெளிக்கும் இலண்டன் மாநகரத்து வானொலிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சாகசக் கதைகளின் வேர்களில் ஒன்று, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், நம்முடைய தம்பலகாமக் குடா போய்ச் சேருகின்ற கொட்டியாரக் குடாவிலே கிடக்கின்றது.

1659ஆம் ஆண்டின் இறுதியில் வங்காளக் கடலில் புயலில் அகப்பட்டு, 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரத்துக்கு மரம் தேடி அது கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660ஆம் ஆண்டிலே, கரையிறங்கிய கப்பல் தலைவரையும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் அகப்பட்ட இடம் இதுதான் என்று மூதூரில் ஒரு புளியமரத்தடியைக் காட்டி வந்தார்கள். மகனுக்கு அப்போது வயது 19. அடுத்த ஆண்டே தகப்பனார் காய்ச்சலில் இறந்து போனார். மகன் மலைநாட்டிலே பத்தொன்பது வருஷத்துக்கு மேலாகச் சிறை இருந்து, 1679ஆம் ஆண்டு ஒரு கூட்டாளியோடு தப்பி, அருவியாற்றின் வழியே நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1681இல் இலண்டனில் தம் அனுபவத்தை ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களுள் டானியல் டீபோ ஒருவர். 1720இல் அவர் வெளியிட்ட 'கப்டன் சிங்கிள்டன்' என்ற நாவலில் நொக்ஸின் வரலாற்றை அப்படியே எடுத்துச் சுருக்கிச் சொல்லியிருக்கின்றார். அதற்கு முந்திய ஆண்டு எழுதிய 'ரொபின்சன் குரூசோ'வுக்கும் நொக்ஸின் புத்தகம் ஒரு தூண்டுகோலாய் இருந்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். தனித் தீவிலே அகப்பட்ட வெள்ளைக்காரன் தன் புத்தியினாலும் துணிவினாலும் பிழைத்துக் கரையேறுகின்ற கதைகளுக்கெல்லாம் ரொபின்சன் குரூசோவைப் பாட்டனார் என்று சொல்லலாம். ஆகவே அந்தக் குடும்பத்துக்கு நம்முடைய மூதூரும் ஒரு வகையில் பிறந்த வீடு.

இனி நொக்ஸ் அந்தப் பத்தொன்பது வருஷமும் என்ன செய்தார் என்று பார்ப்போம். வாளெடுத்துச் சண்டை செய்தாரா? புதையல் எடுத்தாரா? இல்லை. தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். கோழி வளர்த்தார். ஒரு கிழவர் கொண்டுவந்த பழைய விவிலியப் புத்தகத்துக்காகத் தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்தார். தகப்பனாரைத் தம் கையாலே புதைத்தார். ஊர் மக்களோடு ஊர் மக்களாய் அவர்களுடைய சோற்றை உண்டு, அவர்களுடைய மொழியைப் பேசி, நல்ல சமயம் வரும் வரைக்கும் பொறுத்திருந்தார். மெய்யான சாகசம் இப்படித்தான் இருக்கும். அதிலே காய்ச்சல் உண்டு, பசி உண்டு, பயம் உண்டு, சலிப்பு உண்டு, சோறு கொடுத்த அயலார் உண்டு.

இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாய் உருவி எறிந்துவிட்டு மிச்சத்தை அச்சடித்து விற்றால் என்ன வரும்? அதுதான் சிறுவர் வீரசாகசச் சஞ்சிகை.

1879ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு கிறித்தவ சமய நூற்கழகம் 'போய்ஸ் ஓன் பேப்பர்' என்ற சஞ்சிகையை ஒரு பென்னி விலைக்கு வெளியிடத் தொடங்கியது. மலிவான கொலைக் கதைகளைப் படித்துப் பிள்ளைகள் கெட்டுப் போகின்றார்கள், அவர்களுக்கு நல்ல கதை கொடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. அச்சஞ்சிகை 1967 வரை நடந்தது. 1908 முதல் 1940 வரை 'மக்னெற்' என்ற வார இதழ் வந்தது. பள்ளிக்கூடக் கதைகளைப் பிரதானமாகக் கொண்ட அவ்விதழில் ஓர் இந்திய அரச குமாரனும் மாணவனாக வருவான். அவன் நல்லவன்தான், ஆனால் வாயைத் திறந்தால் அலங்காரமான பிழை ஆங்கிலம் பேச வேண்டும் என்பது அவனுக்கு விதிக்கப்பட்ட விதி.

1940ஆம் ஆண்டு ஜோர்ஜ் ஓர்வெல் என்ற எழுத்தாளர் இந்த வார இதழ்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். இவர் பீகார் மாகாணத்து மோத்திஹாரியிலே பிறந்தவர். பிறநாட்டார் ஒவ்வொருவருக்கும் ஒரே அச்சிலே வார்த்த கோமாளி முகத்தை இக்கதைகள் மாட்டிவிடுகின்றன என்றும், உலகம் என்றும் மாறாதென்று பிள்ளைகளை நம்பச் செய்கின்றன என்றும் அவர் எடுத்துக் காட்டினார். சிறுவயதிலே படிப்பது மனத்தில் நெடுநாள் தங்கும் என்பது அவருடைய கவலை.

இந்தச் சரக்கு நம்முடைய கைக்கும் வந்தது. 1962இல் 'வாலியண்ட்' என்ற ஆங்கிலச் சிறுவர் சஞ்சிகையில் ஓர் இரும்புக் கைக்காரன் தோன்றினான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு மறையும். கை மாத்திரம் தெரியும். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ் அவனைத் தமிழ் பேச வைத்து 'இரும்புக்கை மாயாவி' ஆக்கியது. இங்கே தலை நரைத்து உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் பாடப் புத்தகத்துக்குள்ளே மாயாவியை வைத்துப் படித்தோம் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் முதலில் கை தூக்க வேண்டியவன் நானே.

அப்படியானால் இக்கதைகளைப் படிக்கலாகாதா? அப்படிச் சொல்ல நான் வரவில்லை. அந்தக் கதைகள் நமக்கு வாசிப்பைப் பழக்கின. அஞ்சாமையையும் நட்பையும் ஓரளவு கற்றுக் கொடுத்தன. குறை அவை சொல்லியதில் அதிகம் இல்லை. சொல்லாமல் விட்டதிலேதான் இருக்கிறது. கதாநாயகனுக்கு வயிற்றுவலி வருவதில்லை. அவனுடைய பெட்டியைச் சுமக்கும் கூலிக்காரனுக்குப் பெயர் இருப்பதில்லை. குண்டு பட்டுச் செத்தவனுக்கு வீட்டிலே தாய் இருப்பதில்லை.

இந்த விடுபாட்டின் விலை என்ன? முதலாம் உலக யுத்தத்தில், 1916ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி, பிரான்சு நாட்டின் சொம் ஆற்றுப் போர்க்களத்திலே ஒரே நாளில் 19,240 பிரித்தானியப் போர்வீரர் மாண்டனர். இத்தகைய கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறை அது. கதைகள்தான் அவர்களைக் கொன்றன என்று சொல்வது மிகை. ஆனால் யந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் நடந்து போவது எப்படிப்பட்டது என்று அக்கதைகளில் ஒன்றாவது அவர்களுக்குச் சொல்லி வைக்கவில்லை.

இப்பொழுது வானொலிக்கு வருகின்றேன்.

1918ஆம் ஆண்டு, பம்பாய் மாகாணத்து அகமத்நகரிலே ஒரு பிள்ளை பிறந்தது. தகப்பனார் பிரித்தானிய இந்தியப் படையில் உத்தியோகம் பார்த்த அயர்லாந்துக்காரர். பிள்ளையின் பெயர் ரெறன்ஸ். பின்னாளில் உலகம் அவரை ஸ்பைக் மில்லிகன் என்று அறிந்தது. பூனாவிலும் ரங்கூனிலும் படித்து வளர்ந்தவர். சாகசச் சஞ்சிகைகள் எந்தச் சாம்ராச்சியத்தைத் தங்கத் தகட்டிலே தீட்டிக் காட்டினவோ, அந்தச் சாம்ராச்சியத்தின் பாசறைகளைப் பின்கட்டிலிருந்து பார்த்த பிள்ளை அவர். இரண்டாம் உலக யுத்தத்தில் பீரங்கிப் படையில் சேர்ந்து வட ஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டார். 1944ஆம் ஆண்டு சனவரியிலே இத்தாலியில் குண்டடி பட்டார். உடற்காயம் ஆறியது, மனக்காயம் ஆறவில்லை. பீரங்கிச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும். அதற்காக அவரைத் தேற்றுவதற்குப் பதிலாகப் படையிலே அவருடைய தரத்தைக் குறைத்தார்கள்.

வட ஆபிரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தை அவரும் அவருடைய நண்பர் ஹரி சீகொமும் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மில்லிகனின் படைப்பிரிவு பெரிய பீரங்கி ஒன்றைச் சுட்டபோது, அது பின்னே உதைத்துக்கொண்டு மேட்டிலிருந்து உருண்டு, கீழே சீகொம் இருந்த வண்டியின் பக்கத்திலே வந்து விழுந்தது. சற்று நேரத்தில் மேலேயிருந்து ஒரு மனிதர் இறங்கி வந்து, இந்தப் பக்கமாக ஒரு பீரங்கி வந்ததைக் கண்டீர்களா என்று, காணாமற் போன மாட்டைத் தேடுகின்றவர் போல விசாரித்தாராம். அவர்தான் மில்லிகன். யுத்தத்தைப் பற்றிய நூறு கதைகளில் சொல்லாத உண்மை அந்த ஒரு கேள்வியிலே இருக்கிறது.

யுத்தம் முடிந்த பின் இவ்விருவரும், பீற்றர் செலர்ஸ், மைக்கேல் பென்ரின் என்ற வேறிருவரும் சேர்ந்து 1951ஆம் ஆண்டு மே மாதம் பீ.பீ.சி. வானொலியில் ஒரு நகைச்சுவைத் தொடரைத் தொடங்கினார்கள். பென்ரின் சீக்கிரமே விலகிக்கொண்டார். மற்ற மூவரும் 1960 சனவரி வரை நடத்தினார்கள். அதுதான் 'கூன் ஷோ'. முதுகுக் கூனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பொப்பாய் என்ற சித்திரக் கதையிலே வரும் பூதாகாரமான பிராணிகளின் பெயரிலிருந்து மில்லிகன் எடுத்த பெயர் அது. பெரும்பாலான நாடகங்களை எழுதியவரும் மில்லிகனே.

நாடகத்தின் எலும்புக்கூடு என்னவென்று பார்த்தால், சிறுவர் சஞ்சிகையின் சாகசக் கதையேதான். இரகசியப் பத்திரம், புதையல், பாலைவனம், துரோகி, கப்பற் பயணம், வெடிவிபத்து எல்லாம் உண்டு. 'சாலமன் அரசனின் சுரங்கங்கள்' என்ற 1885ஆம் ஆண்டுச் சாகச நாவலின் பெயரையே 1957இல் ஒரு நாடகத்துக்கு வைத்தார்கள். ஆனால் எலும்புக்கூட்டின்மேல் போர்த்திய சதை வேறு.

ஓர் உதாரணம் சொல்கின்றேன். 1955இல் ஒலிபரப்பான 'நெப்போலியனின் பியானோ'. ஒரு பியானோவை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றுவதற்கு ஐந்து பவுண் கூலி என்ற விளம்பரத்தைக் கண்டு, சீகூன் என்ற நம்முடைய கதாநாயகன் ஓடிப் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிடுகின்றான். வைத்த பிறகுதான் தெரிகின்றது: பியானோ இருக்கின்ற அறை பாரிஸ் மாநகரத்து லூவர் அரும்பொருட் காட்சிச்சாலையில், கொண்டுபோய் வைக்க வேண்டிய அறை இங்கிலாந்தில். கடைசியில் பியானோவையே தோணியாக்கி அதன்மேல் ஏறிக் கடலைக் கடக்கப் புறப்படுகின்றார்கள். கதாநாயகனிடம் வீரம் இருக்கின்றது; தேசபக்தி இருக்கின்றது; கையெழுத்து வைக்குமுன் வாசிக்கின்ற புத்தி மாத்திரம் இல்லை. வெளிநாட்டு வேலையென்று தரகர் நீட்டிய கடதாசியில் வாசிக்காமல் கையெழுத்து வைத்த பிள்ளைகள் நம்முடைய ஊர்களிலும் உண்டல்லவா?

பாத்திரங்களைக் கவனியுங்கள். சாகசக் கதைகளில் சுத்தமான உயர்குடி ஆங்கிலம் பேசுகின்றவன் நல்லவன். கூன் ஷோவிலோ மிகவும் இனிய குரலிலே மிகவும் நாகரிகமாகப் பேசுகின்ற கனவான்தான் முதற்றரமான மோசக்காரன். சாகசக் கதைகளில் இந்தியாவிலே சேவை செய்த மேஜர் புலி போன்றவன். இங்கே வரும் மேஜர் பிளட்நொக்கோ கோழை, படைப்பணத்தைக் கையாடுகின்றவன், எந்த நேரமும் வயிற்றுக் கோளாறு. அந்த வயிற்றின் ஓசையை உண்டாக்குவதற்கென்றே பீ.பீ.சி.யின் ஒலி ஆய்வுக்கூடத்தார் மின்சாரக் கருவிகளோடு மெனக்கெட்டார்கள். சாம்ராச்சியத்தின் வீரக் கதைகள் எண்பது வருஷமாக மறைத்து வைத்த வயிற்றுவலியை வானொலி ஊரறிய ஒலிபரப்பியது.

எல்லாரிலும் என் மனத்தைத் தொட்ட பாத்திரம் புளூபொட்டில் என்ற சிறுவன். பீற்றர் செலர்ஸ் கீச்சுக் குரலில் அவனாகப் பேசுவார். அவன் ஒரு சாரணச் சிறுவன். காகித அட்டையில் செய்த வேஷம் போட்டுக்கொண்டு, தானே பெரிய வீரன் என்ற நினைப்பிலே கதைக்குள் நுழைவான். தான் என்ன பாவனை காட்ட வேண்டும் என்று நாடகப் பிரதியில் எழுதியிருக்கும் குறிப்புகளையும் சேர்த்து வாய்விட்டு வாசித்துவிடுவான். பெரியவர்கள் இனிப்புக் காட்டி அவனை அபாயமான இடத்துக்கு அனுப்புவார்கள். நாடகத்துக்கு நாடகம் வெடி வெடிப்பது அவன் கையிலேதான். வெடித்த பிறகு, என்னைச் சாகடித்துவிட்டீர்களே என்று அழாக்குறையாக முறையிடுவான். சனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

யோசித்துப் பார்த்தால், அந்தப் புளூபொட்டில் யார்? சாகசச் சஞ்சிகையைப் படித்துக்கொண்டிருந்த சிறுவனேதான். புத்தகத்தை மூடிவிட்டு அவனே கதைக்குள் போய்விட்டான். இனிப்புக் கொடுத்து அனுப்பியவர்கள் பத்திரமாக இருக்க, அவன் மாத்திரம் வெடித்துப் போகின்றான். இத்தாலியிலே குண்டு வெடித்து மனம் உடைந்த ஒரு மனிதர் எழுதிய பகிடி இது. எழுதும் காலத்திலும், 1952இல், அவருக்குச் சித்தம் கலங்கி வைத்தியசாலையில் இருக்க வேண்டி வந்தது. அவர் வீரத்தைக் கேலி செய்யவில்லை. வீரக் கதையிலிருந்து உருவி எறியப்பட்ட பயத்தையும் பசியையும் வயிற்றுவலியையும் செத்த பிள்ளையின் குரலையும் பொறுக்கி எடுத்துக் கதைக்குள்ளே திருப்பி வைத்தார். அப்படித் திருப்பி வைத்ததும் சிரிப்பு வந்தது. ஏனென்றால், எல்லாருக்கும் தெரிந்திருந்தும் ஒருவரும் சொல்லாத உண்மையை ஒருவன் திடீரென்று சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

இதற்கு வானொலியே தகுந்த இடமாயிருந்தது. மேடையிலே பியானோவைக் கடலில் மிதக்க விட முடியாது. வானொலியிலே தண்ணீர் அலம்பும் சத்தமும் ஒரு சுரமும் போதும். மீதியைக் கேட்பவருடைய மனமே கட்டிக்கொள்ளும். வாசிக்கின்ற பிள்ளையின் கற்பனையிலேதான் சாகசச் சஞ்சிகை வேலை செய்தது. அதே கற்பனைக்குள் புகுந்து அதைத் திருத்துவதற்கு வானொலிக்குத்தான் வழி தெரிந்திருந்தது.

ஆனால் ஒரு குறையையும் சொல்லாமல் விடலாகாது. அந்தத் தொடரிலே பனர்ஜி, லால்காகா என்ற இரண்டு இந்தியப் பாத்திரங்கள் வருவார்கள். மில்லிகனும் செலர்ஸும் நம்மவரின் ஆங்கில உச்சரிப்பை நையாண்டி செய்து அவர்களாகப் பேசுவார்கள். மேஜரைக் கவிழ்த்தவர்கள் இந்தியனைப் பழைய கோமாளி முகத்தோடேயே விட்டுவிட்டார்கள். பிறருடைய கண்ணிலிருந்த தூசியை எடுத்தவருக்கும் தம் கண்ணில் ஒரு துரும்பு மிஞ்சியிருக்கும். பகிடி செய்பவனும் பகிடிக்கு விலக்கானவன் அல்லன்.

இனி நம்முடைய வீட்டைப் பார்ப்போம். தமிழிலே இந்தக் கலை இல்லையா? உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய துப்பறியும் நாவல்களில் தமிழ்நாடு மூழ்கிக் கிடந்த பிறகு, 1940களிலே ஆனந்த விகடனில் தேவன் என்பவர் 'துப்பறியும் சாம்பு'வைக் கொண்டு வந்தார். சாம்பு அசடு என்று பெயரெடுத்து வங்கி உத்தியோகத்தை இழந்தவர். அவர் ஒன்றைச் செய்யப் போய் வேறொன்று நடக்கும். குற்றவாளி தானாக வந்து மாட்டிக்கொள்வான். ஊர் அவரை மகா மேதாவி என்று மெச்சும். புத்திசாலித் துப்பறிவாளரின் புகழில் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தேவன் திருப்பி வைத்தார். இதுவும் அந்த வேலைதான்.

நம் இலங்கை வானொலியிலே 1970களில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற தொடர் நாடகம் நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எஸ். ராம்தாஸ் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், செல்வசேகரன் உபாலியாகவும், அப்துல் ஹமீத் ஐயராகவும் பேசினார்கள். 1976இல் அது 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. அது சாகசக் கதையைப் பகிடி செய்த நாடகம் அன்று, குடும்ப நாடகம். ஆயினும் ஒரு காரணத்துக்காக அதை இங்கே சொல்கின்றேன். முஸ்லிம் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் சிங்களம் கலந்த தமிழும் ஐயர் தமிழும் அங்கே ஒன்றையொன்று பகிடி செய்தன. ஆனால் நால்வரும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். ஒருவர் மாத்திரம் கோமாளி, மற்றவர்கள் கனவான்கள் என்ற பாகுபாடு இருக்கவில்லை. கூன் ஷோ தவறிய இடத்தில் நம்மவர்கள் தவறவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த வயல்களில் கதிர் அறுக்கின்ற இந்தப் பிரதேசத்து இளைஞர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். நம்மை உட்படுத்திக்கொண்டு சிரிப்பது பகிடி. நம்மை விலக்கிவிட்டு எளியவனைப் பார்த்துச் சிரிப்பது நிந்தை.

வாக்களித்தபடி மகாபாரதத்துக்கு வந்துவிட்டேன்.

விராட பருவத்திலே உத்தரகுமாரன் வருகின்றான். கௌரவர் சேனை பசுக்களைக் கவர்ந்து போகின்றது. அரசன் நகரிலே இல்லை. அந்தப்புரத்துப் பெண்கள் நடுவே நின்றுகொண்டு, நல்ல தேர்ச்சாரதி ஒருவன் மாத்திரம் கிடைத்தால் அவ்வளவு பேரையும் தனியே வெல்வேன் என்று இளவரசன் முழங்குகின்றான். சாரதி கிடைக்கின்றான், பேடி வேஷத்திலிருக்கும் பிருகந்நளை. தேர் போகின்றது. கடல் போன்ற சேனையைக் கண்டதும் குமாரனுக்கு மயிர் கூச்செறிகின்றது. தேரிலிருந்து குதித்து ஓடுகின்றான். பின்னிய சடை ஆட ஆட பிருகந்நளை துரத்திப் பிடிக்கிறாள். பார்த்திருந்த படைவீரர் சிரிக்கின்றார்கள். உலகத்துச் சாகசப் பகிடிகளுக்கெல்லாம் முன்னோடி நம்முடைய இதிகாசத்திலேயே இருக்கின்றது. இன்றைக்கும் வாய்ச்சொல் வீரனைக் கண்டால் உத்தரகுமாரன் என்கின்றோம்.

ஆனால் கதையை அந்த இடத்திலே நிறுத்திவிடாதீர்கள். பிடித்துக் கொண்டுவந்த அருச்சுனன் அவனை இகழவில்லை. பயப்படாதே, நான் போர் செய்கின்றேன், நீ தேரை ஓட்டு என்று தேற்றுகின்றான். வன்னி மரத்திலிருந்து ஆயுதங்களை எடுத்துத் தரச் சொல்கின்றான். குமாரன் குதிரைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு போர்க்களத்தின் நடுவே நிற்கின்றான். வெற்றியோடு திரும்பியபோது தந்தையார் மகனுடைய வீரத்தைப் புகழ்கின்றார். அப்போது அவன், நான் வெல்லவில்லை, நான் பயந்து ஓடினேன், வேறொருவர் என்னைத் தடுத்து நிறுத்திப் போரை வென்றார் என்று அவையிலே சொல்கின்றான். அந்தப்புரத்தில் பேசிய வீரம் பொய். அவையிலே ஒப்புக்கொண்ட பயம் மெய். என் கணக்கிலே உத்தரகுமாரன் வீரனானது அந்த நிமிஷத்தில்தான்.

இன்னொன்றும் வியாசர் எழுதி வைத்திருக்கின்றார். குருக்ஷேத்திரத்தில் முதல் நாளே சல்லியன் கையால் அந்த உத்தரன் மாண்டு போகின்றான். நாம் சிரித்த பிள்ளைதான். அவனுடைய சாவைப் படிக்கும்போது ஒருவருக்கும் சிரிப்பு வராது.

இளைஞர்களே, நான் இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கின்றேன் என்று இப்போது விளங்கியிருக்கும். நம் நாட்டிலே 1983 முதல் 2009 வரை யுத்தம் நடந்தது. அந்த யுத்தத்தை எந்தக் கண்ணால் பார்ப்பது என்பது இந்த மேடையின் விஷயம் அன்று. ஒன்றை மாத்திரம் சொல்வேன். எல்லாப் பக்கத்திலும் பிள்ளைகளுக்கு வீரக் கதை சொல்லப்பட்டது. எல்லாப் பக்கத்திலும் கதையிலே சில பக்கங்கள் கிழிக்கப்பட்டிருந்தன. சுவரிலே மாலை போட்ட படங்கள் இருக்கின்ற வீடுகளுக்கு அந்தக் கிழிந்த பக்கங்களில் என்ன எழுதியிருந்தது என்பது தெரியும்.

இன்றைக்குக் கதை வருகின்ற வழி மாறிவிட்டது. பென்னிச் சஞ்சிகை போய்விட்டது. கையடக்கத் தொலைபேசி வந்துவிட்டது. ஒரே அடியில் இருபது பேரை வீழ்த்துகின்ற திரைப்பட நாயகனும், சுடச் சுட எண்ணிக்கை ஏறுகின்ற விளையாட்டும் அதிலே வருகின்றன. அவற்றைப் பறித்து எறியுங்கள் என்று பெரியவர்களுக்கு நான் யோசனை சொல்லவில்லை. பறித்தால் ஒளித்துப் பார்ப்பார்கள், நாங்கள் மாயாவியைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்ததுபோல. கூட உட்கார்ந்து பார்த்து, அந்த இருபது பேருக்கும் யார் மருந்து கட்டினார்கள் தம்பி என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிள்ளை சிரிப்பான். சிரித்த பிறகு யோசிப்பான்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஆண்டு விழாவுக்கு நீங்களே ஒரு வானொலி நாடகம் எழுதி, திரைக்குப் பின்னால் நின்று ஒலிபெருக்கியிலே நடியுங்கள். தேங்காய்ச் சிரட்டை இரண்டு இருந்தால் குதிரை வந்துவிடும். ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் கொட்டியாரக் குடா வந்துவிடும். வீரசாகசக் கதையாகவே இருக்கட்டும். கதாநாயகனுக்குப் பசிக்கட்டும், காய்ச்சல் வரட்டும், மூட்டை சுமக்கின்றவனுக்கு ஒரு பெயரும் பேசுவதற்கு நாலு வார்த்தையும் இருக்கட்டும்.

நம் பெரியோர் வழிவழியாகச் சொல்லிவந்த வரலாறு ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது, அடியார்கள் சுவாமியின் திருவுருவத்தை மறைத்து எடுத்துக் காட்டு வழியே கொண்டு வந்தார்கள்; அதனாலேயே தம்பலகாமத்துக்கு இப்பெரும்பேறு கிடைத்தது என்பார்கள். அதைப் பகிடி செய்யும்படி நான் சொல்வேனா? ஆனால் அந்த இரவில் சுமந்தவர்களை நினைத்துப் பாருங்கள். தோள் வலித்திருக்கும். காலில் முள் தைத்திருக்கும். சருகு அசைந்தால் நெஞ்சு திடுக்கிட்டிருக்கும். ஒருவன், இனி என்னால் முடியாது அண்ணை என்று இறக்கி வைத்திருப்பான். இன்னொருவன் மாற்றிச் சுமந்திருப்பான். அவர்களுடைய பெயர்கள் நம்மிடம் இல்லை. பயமில்லாத வீரர்களாக அவர்களை எண்ணிக் கும்பிடுவதிலும், பயந்துகொண்டே சுமந்து வந்த மனிதர்களாக எண்ணிக் கும்பிடும்போது எனக்குக் கண் கலங்குகின்றது.

அவர்களுடைய ஊரிலே பிறந்த நீங்கள், அந்தப் பயத்தையும் சேர்த்துக் கதை சொல்லப் பழகுங்கள்.